பதினான்கின் முன்னால் விடுபட்ட குறி

முப்பத்து நான்கு ஆண்டுகள் இப்பள்ளியில் கணக்குக் கற்பித்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் கணக்கு டீச்சர் அவர்களுக்கு, உடன் பணியாற்றியவர்கள் அன்போடும், அன்பைவிட அதிகமான வெட்கத்தோடும், வெட்கத்தைவிட அதிகமான ஆத்திரத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

கூட்டலில் குறையாத குணக்குன்றே! கழித்தலில் கலங்காத கண்ணியமே! பெருக்கலிலும் பெருமை பேசாத பெருந்தகையே! வகுத்தலில் வஞ்சகம் அறியாத வள்ளலே! மீதி வராத மனமே! தோற்றுப்போன பிள்ளையின் தோளைத் தொட்டு, தொடங்கிய இடத்துக்கே தூக்கி வந்து, "மறுபடி நட" என்று சொல்லத் தெரிந்த தாயுள்ளமே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

வழக்கப்படி விளிகள் வந்துவிட்டன. இதற்குமேல் 'கல்விக் கடலே, கணக்கின் கதிரே' என்று இன்னும் ஒரு பக்கம் ஓட்டலாம். ஓட்டியும் பார்த்தோம். போன வாரம் தமிழையா அப்படித்தான் அழகான மடல் ஒன்றை எழுதினார். அது கிழிந்து குப்பைக்குப் போன கதை பின்னால் வருகிறது.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆகையால் தங்களை நடுவில் அமர்த்திவிட்டு, 'டீச்சர்' என்று யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல அவையோருக்குத் தங்கள் கதையைச் சொல்லப் போகிறோம். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது. வகுப்பில் தாங்கள் போட்ட விதிதான்.

அவையோரே! காற்றோட்டமான அரங்கம் ஒன்று இப்பள்ளியில் இருக்க, ஏன் இந்தக் குறுகிய தாழ்வாரத்தில் நாற்காலிகளைப் போட்டு உங்களை நெருக்கியடித்து உட்கார வைத்திருக்கிறோம் என்று சிலர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. சற்றே குனிந்து தரையைப் பாருங்கள். இந்தத் தாழ்வாரத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நாற்பத்தொரு ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கட்டியவர் எண்ணிப் பதித்திருக்க மாட்டார். ஆனால் டீச்சர் எண்ணினார். நடுவே ஒன்று, வலப்பக்கம் இருபது, இடப்பக்கம் இருபது. நடு ஓட்டில் பூஜ்யம் என்று வெள்ளைச் சாயத்தால் எழுதினார். வலப்பக்கம் ஒன்றிலிருந்து இருபதுவரை மிகை முழுக்கள். இடப்பக்கம் மைனஸ் ஒன்றிலிருந்து மைனஸ் இருபதுவரை குறை முழுக்கள். புத்தகத்தில் ஒரு விரல் நீளத்துக்கு அச்சடித்திருந்த எண்கோடு, கால் வைத்து நடக்கிற பாதையாக ஆனது அன்றைக்குத்தான்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முழுக்கள் என்றாலே கிலி. இல்லாத ஒன்றை எப்படி எண்ணுவது, இல்லாததிலும் கீழாக எப்படிப் போவது என்று விழிப்பார்கள். நாங்களும் அந்த வயதில் விழித்தவர்கள்தாம். மனப்பாடம் செய்து தப்பித்தவர்கள்தாம். மட்டு மதிப்பு என்றால் எண்ணுக்கு இருபுறமும் இரண்டு நெட்டைக் கோடு போட்டால் மைனஸ் காணாமல் போய்விடும் என்பதற்குமேல் எங்களில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது. டீச்சர் அதைக் காலுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஆட்டம் இதுதான். ஒரு பையில் எண் எழுதிய கறுப்புச் சீட்டும் சிவப்புச் சீட்டும் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் பூஜ்யத்தில் நின்று இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் அத்தனை ஓடு வலப்பக்கம், சிவப்பு வந்தால் அத்தனை ஓடு இடப்பக்கம். எல்லாரும் ஆளுக்கோர் ஓட்டில் போய் நின்றதும் டீச்சர் விசில் ஊதுவார். ஒருமுறை ஊதினால் 'இடம்'. எங்கே நிற்கிறாய் என்று குறியோடு கத்த வேண்டும். இருமுறை ஊதினால் 'தூரம்'. பூஜ்யத்திலிருந்து எத்தனை ஓடு தள்ளி நிற்கிறாய் என்று குறி இல்லாமல் கத்த வேண்டும். தூரம் கேட்டபோது "மைனஸ் ஏழு!" என்று கத்தியவருக்குத் திட்டும் இல்லை, குட்டும் இல்லை. "போய் நடந்து பாத்துட்டு வா" என்பார். பூஜ்யத்துக்கு ஓடி, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே திரும்பி வந்தால், ஏழுதான் இருக்கும். மைனஸ் ஏழு தடவை கால் எடுத்து வைக்க எந்தப் பிள்ளையாலும் முடியவில்லை.

நீளமாக ஒரு விசில் ஊதினால் 'வீடு'. எல்லாரும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. வெகுதூரம் போனவர் முதலில் புறப்பட வேண்டும். பக்கத்தில் நிற்பவர் காத்திருக்க வேண்டும். இரு பக்கத்திலும் ஒரே தூரத்தில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். இந்த விதியை அவையோர் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். விழா முடிவதற்குள் தேவைப்படும்.

ஒருநாள் கடைசி பெஞ்சில் வாய் திறக்காத ஒரு சிறுமி இரண்டு சிவப்புச் சீட்டு எடுத்து மைனஸ் ஒன்பதில் போய் நின்று விசும்பத் தொடங்கினாள். வலப்பக்கம் ஒன்பதில் வகுப்புத் தலைவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். டீச்சர் விசிலைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார்:

"ஏன்டாம்மா அழுற?"

"நான் பின்னாடி போயிட்டேன் டீச்சர்."

"எத்தனை ஓடு நடந்தே?"

"ஒம்பது."

"அவன் எத்தனை நடந்தான்?"

"ஒம்பது."

"அப்போ ரெண்டு பேருக்கும் கால் ஒரே மாதிரிதானே வலிக்கும்? அவன் மட்டும் என்ன பெரிசா நடந்துட்டான்?"

சிறுமி மூக்கைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடமே அதிர, "ஒம்பது!" என்று கத்தினாள். அந்தப் பிள்ளை இன்று உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். அதோ மூன்றாம் வரிசையில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். தரைக்குக் கீழே இரண்டு தளம் இறங்கும் லிஃப்டில் மைனஸ் இரண்டு என்ற பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சர் நினைவு வருகிறதென்று நேற்று எங்களிடம் சொன்னார். எங்கள் பாடத்தை நினைவுபடுத்தும் பொத்தான் உலகத்தில் எங்கேனும் உண்டா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த ஆண்டு ஏழாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் இவ்வட்டாரப் பள்ளிகளின் சராசரி ஐம்பத்தொன்று. டீச்சரின் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் சராசரி அறுபத்தைந்து. பதினான்கு அதிகம். கையில் பூச்செண்டு கொடுத்திருக்க வேண்டிய இடம். கொடுத்தது என்ன தெரியுமா?

விளக்கம் கேட்கும் ஓலை!

ஆம், அவையோரே! 'வட்டாரச் சராசரியிலிருந்து தங்கள் வகுப்பு 14 விலகியுள்ளது. பத்துக்கு மேற்பட்ட விலகலுக்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்குக' என்று வந்த கடிதம், பணிக்கோப்பில் பதினொரு ஆண்டுகளாகக் குத்திக்கொண்டு கிடக்கிறது. பதினான்கு கீழே போனவருக்கும் அதே ஓலை, பதினான்கு மேலே போனவருக்கும் அதே ஓலை! பிள்ளைகளுக்குக் குறியை எங்கே விட வேண்டும், எங்கே விடவே கூடாது என்று கற்றுக் கொடுத்த ஒரே மனுஷிக்கு, குறியைத் தொலைத்தவர்கள் குற்றப்பத்திரிகை அனுப்பினார்கள். கேட்டால் வயிறு எரிகிறதா? எங்களுக்குப் பதினொரு ஆண்டாக எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. அந்தக் கேவலத்துக்கும் வருகிறோம்.

டீச்சர் நேரே கல்வி அலுவலகத்துக்குப் போனார். அன்று அந்த ஓலையை அனுப்பிய பிரிவின் தலைவராக இருந்தவர், இன்று நமது சிறப்பு விருந்தினராக வலப்பக்கம் அமர்ந்திருக்கும் கல்வி அலுவலர் அவர்கள்தாம். ஐயா, தாங்கள் பொறுத்தருள வேண்டும். பொறுக்காவிட்டாலும் கேட்டருள வேண்டும். அன்று நடந்த பேச்சு இது:

"ஐயா, பதினாலுக்கு முன்னாடி குறி விட்டுப் போயிருக்கு. பிளஸ் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்."

"எங்கம்மா போடுறது? படிவத்துல ரெண்டே ரெண்டு கட்டந்தான் இருக்கு. ஒண்ணுல ஒண்ணு, இன்னொண்ணுல நாலு. குறிக்குக் கட்டமே இல்லையே!"

"கட்டம் இல்லைன்னா குறி இல்லைன்னு ஆயிடுமா ஐயா?"

"விலகல்னா விலகல்தாம்மா. மேல போனா என்ன, கீழ போனா என்ன? எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். அதுதான் ஒழுங்கு."

இரண்டு கட்டம்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போனது? ஒரு படிவத்தை அச்சடித்தவருக்கு மூன்றாவது கட்டம் போடத் தோன்றவில்லை என்பதற்காக, முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் நடந்த தூரத்தைக் குற்றமென்று எழுதி வைத்தார்கள். அதோடு விட்டார்களா? இல்லை. "ஆமா, எப்படிம்மா இவ்வளவு மார்க்கு? என்ன செய்றீங்க?" என்று, அலுவலர் ஐயா, தாங்கள் கேட்டீர்கள். கேட்டதே பெரிது என்று மகிழ்ந்துபோய், சூது வாது தெரியாத எங்கள் டீச்சர், சீட்டு, ஓடு, விசில் எல்லாவற்றையும் கண்கள் மின்ன விவரித்தார். தாங்கள் காதில் வாங்கியது ஒன்றே ஒன்று. "தாழ்வாரத்துல ஓட விடுறீங்களா?" குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். மறுநாளே பள்ளிக்குக் கடிதம் வந்தது: மேற்படி ஆசிரியையின் வகுப்பால் ஏனைய வகுப்புகளுக்கு இடையூறு உண்டா என்று ஆசிரியர்கள் அறிக்கை தர வேண்டும்.

இனி எங்கள் முறை. அலுவலகத்தைத் திட்டியது போதும். எய்தவர்கள் அவர்கள் என்றாலும் அம்பைக் கூராக்கிக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம்.

இடையூறு இருந்ததா? சத்தம் இருந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆளுக்கோர் எண்ணைக் கத்தினால் பக்கத்து அறையில் பாடம் நடத்த முடியாதுதான். ஆனால் எங்களை உறுத்தியது அந்தச் சத்தம் அல்ல. "நம்ம வகுப்புல மட்டும் ஏன் சார் இப்படி எதுவும் இல்ல?" என்று எங்கள் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கேட்டார்களே, அந்தச் சன்னமான குரல்தான் காதைக் கிழித்தது. ஓய்வறையில் பன்னிரண்டு பேர் கூடினோம். அறிக்கையை எழுதித் தரும்படி தமிழையாவிடம் கேட்டோம். பக்கத்து அறைக்காரர், நல்ல எழுத்துக்காரர், கூப்பிட்டால் மறுக்காதவர். எழுதினார். 'கற்கும் கூடத்தைக் களிக்கும் கூடாரமாக்கி, கூச்சலும் குழப்பமும் கும்மாளமும் கூடி, அமைதியின் ஆலயத்தில் ஆரவார அலைகளை எழுப்பி' என்று போகும் அந்த அறிக்கை. எதுகை மோனைக்குக் குறைவே இல்லை. பன்னிரண்டு பேரும் ரசித்துப் படித்து, ஒப்பமிட்டோம்.

பதின்மூன்றாவது ஆள் பி.டி. மாஸ்டர். தாளை அவரிடம் நீட்டியபோது திருப்பித் தந்துவிட்டார். "சத்தம் போடாம ஓடுற பிள்ளையை நான் இந்த வயசுவரைக்கும் பாத்ததில்ல. அந்த விசிலே என்னுதுதான். வேணும்னா என் பேரையும் புகார்ல சேத்து எழுதுங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். அவருக்குப் பாடமா பரீட்சையா, மைதானத்தில் நிற்கிறவருக்கு என்ன தெரியும் என்று பேசிக்கொண்டோம். எங்களில் கணக்குத் தெரிந்த இன்னொருவர் அவர்தான் என்பது புரிய இத்தனை காலம் ஆயிற்று.

அறிக்கை போன பத்தாம் நாள் ஆட்டத்துக்குத் தடை வந்தது. அன்றைய தலைமையாசிரியர் இரண்டு ஆட்களை வைத்து, கம்பித் தூரிகையாலும் சாயம் கரைக்கும் எண்ணெயாலும் இந்த எண்களைத் தேய்த்து எடுத்தார். வகுப்பு நேரத்தில், பிள்ளைகள் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்க்கப் பார்க்க, இருபதிலிருந்து தொடங்கி ஒவ்வோர் எண்ணாகப் போனது. நடு ஓடு மட்டும் ஏற்கெனவே கீறல் விட்டிருந்தது. கீறலுக்குள் இறங்கிய சாயம் வரவே இல்லை. இன்று டீச்சரின் நாற்காலிக்குக் கீழே பாதி வட்டமாகத் தெரிகிறதே, அது அந்தப் பூஜ்யம்தான்.

டீச்சரை ஏழாம் வகுப்பிலிருந்து எடுத்து மாடிக்கு, ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழவே கூடாது என்று நிபந்தனை வேறு. அவர் வாதாடவில்லை. பழைய நாட்காட்டித் தாள்களை நீளநீளமாகக் கத்தரித்து, ஒவ்வொரு பெஞ்சிலும் ஓர் எண்கோடு ஒட்டி, இரண்டு விரலால் நடக்கச் சொன்னார். விரல் நடந்தால் சத்தம் வராது. அதற்கு எதிராக எழுத தமிழையாவுக்கே எதுகை கிடைக்கவில்லை.

தலைமைப் பொறுப்புக்கு இரண்டு முறை டீச்சரின் பெயர் பட்டியலில் வந்தது. இரண்டு முறையும் 'விளக்கம் கோரப்பட்டவர்' என்ற ஒரே காரணத்தால் அடிக்கப்பட்டது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்த நாற்காலியில் அமர்ந்து, அவருக்கே நேர அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். இந்த அநியாயத்தைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, அதே தேதியில், அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போகும். 'பதினான்கின் முன்னால் கூட்டல் குறி இட்டுத் தருமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன்.' ஒரே வரி. பதினொரு ஆண்டில் பதினொரு கடிதம். பதினொன்றும் கிணற்றில் போட்ட கல்.

"இன்னுமா டீச்சர்? விட்டுத் தொலைங்களேன், பதவியும்தான் போச்சு" என்று எங்களில் ஒருவர் ஒருமுறை கேட்டார். அதற்கு அவர் சொன்னது: "எனக்காகக் கேக்கலப்பா. முப்பத்தெட்டு பிள்ளைங்க முன்னால நடந்திருக்காங்க. அந்தத் தாளைப் பாத்தா அவங்க எந்தப் பக்கம் நடந்தாங்கன்னே தெரியல. நான் போனதுக்கு அப்புறம் அதை யாரு கேப்பா?"

பணி நிறைவு நாளில் பணிக்கோப்பு பள்ளிக்கு வந்து, கடைசிக் கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்துக் காப்பறைக்குப் போவது வழக்கம். காப்பறைக்குப் போன கோப்பு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தக் கோப்பு இதோ, டீச்சரின் பக்கத்தில் சிறு மேசைமேல் இருக்கிறது. இன்று மாலை அலுவலர் அவர்கள் வண்டியில் திரும்பிப் போகும்போது அதுவும் போகும். ஆக, அந்தக் குறிக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு பிற்பகல்தான்.

இப்போது கிழிந்த மடலின் கதை. பணியில் சேர்ந்த தேதி சரியா என்று கேட்பதற்காகத் தமிழையா போன வாரம் தம் மடலை டீச்சரிடம் காட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக, கடைசி வரிவரை டீச்சர் படித்தார்.

"தேதி சரியா இருக்கு ஐயா. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

தமிழையா மகிழ்ந்தார். மகிழ்ந்த வாய் மூடுவதற்குள் டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"அதுவும் இதே மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு."

"எது டீச்சர்?"

"அமைதியின் ஆலயம். எனக்கும் ஒரு நகல் அனுப்பினாங்களே. பேரு பாக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. பக்கத்து ரூம்ல வருஷக்கணக்காக் கேட்ட தமிழ் எனக்குத் தெரியாதா?"

பதினொரு ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் தெரிந்திருந்தது! தெரிந்துகொண்டே எங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். தெரிந்துகொண்டே தமிழையாவின் மகள் கணக்கில் தடுமாறியபோது தம் வீட்டுக்கு அழைத்து ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தார். தமிழையா தாளை வாங்கிக்கொண்டு, "அப்போ நான் என்னத்தை எழுதட்டும் டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

"நடந்ததை எழுதுங்க ஐயா. யார் யார் எங்க நின்னீங்கன்னு எழுதுங்க. மறக்காமக் குறியோட எழுதுங்க."

அவர் கிழித்தார். எங்கள் பன்னிரண்டு பேரில் இன்னும் பணியிலிருக்கும் எட்டுப் பேரையும் அதே ஓய்வறையில் கூட்டினார். "நாம எழுதினதுக்கு நாமதான் திருத்தம் எழுதணும்" என்றார். அப்படிப் பிறந்தது இம்மடல். இது பாராட்டா, வாக்குமூலமா என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. பாராட்ட எங்களுக்கு அருகதை உண்டா என்பதே கேள்வியாக இருக்கும்போது வேறெப்படி எழுதுவது?

கணக்கு டீச்சர் அவர்களே! இனி நேராகத் தங்களிடமே பேசுகிறோம்.

நேற்று மாலை நாங்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து, அளந்து, பழைய பூஜ்யத்தை மட்டும் தொடாமல், இந்த ஓடுகளில் எண்களை மறுபடி எழுதினோம். கையெழுத்து தங்கள் கையெழுத்துப் போல அழகில்லை. பதினாறும் பதினேழும் கொஞ்சம் கோணல். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதனதன் குறி இருக்கிறது. எண்ணிச் சரிபார்த்தவர் பி.டி. மாஸ்டர். தடை ஆணை இன்னும் அமலில் இருக்கிறதே என்று யாராவது கேட்டால், எங்களிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கட்டும். இம்முறை எங்களுக்கு எழுத நிறைய இருக்கிறது.

அறிக்கையில் ஒப்பமிட்ட எட்டுப் பேரும் இடப்பக்கம் நிற்கிறோம். மனமில்லாமல் இட்டவர் மைனஸ் ஐந்தில். மற்றவர் இட்டதால் இட்டவர்கள் மைனஸ் எட்டில். சிரித்துக்கொண்டே இட்டவர்கள் மைனஸ் பன்னிரண்டில். எங்கள் இடங்களை நாங்களே தேர்ந்தெடுத்தோம், யாரும் குறைத்துச் சொல்லவில்லை. அறிக்கையை எழுதிய கை மைனஸ் பதினான்கில் நிற்கிறது. இம்மடலைப் பிடித்திருப்பதும் அதே கைதான். மைக்கின் ஒயர் இத்தனை நீளமாக ஏன் கிடக்கிறது என்று வியந்தவர்களுக்கு இதுவே விடை.

கல்வி அலுவலர் அவர்களே, தங்கள் நாற்காலி எந்த ஓட்டின்மேல் போடப்பட்டிருக்கிறது என்று தயவுசெய்து குனிந்து பாருங்கள். வலப்பக்கம் பதினான்கு. விருந்தினரை இடப்பக்கம் நிறுத்தும் அளவுக்கு நாங்கள் மரியாதை கெட்டவர்கள் அல்லர். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் நடந்துபோய் நின்ற இடம் அது. அவர்களுக்குத் தர மறுத்த இடத்தில் அரை மணி நேரமாகத் தாங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். சௌகரியமாக இருக்கிறதா?

வெகுதூரம் போனவர் முதலில் புறப்பட வேண்டும், இரு பக்கத்திலும் ஒரே தூரம் என்றால் சேர்ந்தே கிளம்ப வேண்டும் என்பது விதி. தமிழையா பூஜ்யத்துக்கு வந்து தம் பழைய அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தைக் கோப்பில் வைக்க வேண்டும். தாங்கள் பூஜ்யத்துக்கு வந்து, அதே கோப்பில், பதினான்குக்கு முன்னால், குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக இரண்டே இரண்டு கோடு போட வேண்டும். கட்டம் இல்லையென்றால் கட்டத்துக்கு வெளியே போடுங்கள். பேனா மேசைமேல் இருக்கிறது, மை வருகிறதா என்று எழுதிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம்.

டீச்சர்! தாங்கள் நூறாண்டு நோயின்றி வாழ வேண்டும். முழங்கால் வலி தீர வேண்டும். மாடிப்படி ஏறாத வீடும், மதியத் தூக்கமும், பேரப்பிள்ளைகள் போடும் கூச்சலும் தங்களுக்குக் குறைவில்லாமல் கிடைக்க வேண்டும். அந்தக் கூச்சலைப் பற்றி எவரும் அறிக்கை எழுதாதிருக்க வேண்டும். இம்மடலைச் சட்டமிட்டுத் தங்களிடம் தருவதாக இல்லை. தங்கள் வீட்டுச் சுவரில் எங்கள் அவமானம் எதற்கு? எங்கள் ஓய்வறைச் சுவரில், அன்று நாங்கள் ஒப்பமிட்ட மேசைக்கு நேர் எதிரே, இது தொங்கும்.

பி.டி. மாஸ்டர் சற்றுமுன் தங்கள் கையில் வைத்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பழைய விசில்தான்.

நீளமாக ஒருமுறை ஊதுங்கள், டீச்சர். இரண்டு பதினான்கும் கிளம்பக் காத்திருக்கின்றன.

இங்ஙனம்,

அன்று ஒப்பமிட்ட பன்னிருவரில் எஞ்சிய எண்மர், இடப்பக்கத்திலிருந்து;
ஒப்பமிடாத ஒருவர், பூஜ்யத்தில், தங்கள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து;
பிறகு வந்து சேர்ந்த எழுவர், இக்கதையை நேற்றுத்தான் கேட்டு, எங்களோடு இன்னும் சரியாகப் பேசாதவர்கள்.